முக்கால் மீட்டர் கப்பல்

பிப்ரவரி 3

அக்காவுக்கு,

கடிதமா என்று நீ மூக்கைச் சுளிப்பாய். போனில் பேசினால் நான் ஒரு வார்த்தை சொல்வதற்குள் நீ ஒன்பது சொல்லிவிடுகிறாய். கடைசியாகப் பேசியபோதும் அப்படித்தான் ஆனது. நான் பட்டென்று போனை வைத்தேன், மூன்று வருஷம் ஓடிவிட்டது. கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது. அதனால்தான் இது.

விஷயத்துக்கு வருகிறேன். இந்த வாரம் உனக்கு ஒரு பெட்டி வரும். மாடல் கப்பல்களுக்கென்று நடக்கும் ஒரு பத்திரிகையின் ஆசிரியர் அனுப்புகிறார். உள்ளே இருப்பது ரிமோட்டில் ஓடும் இழுவைக் கப்பல். வாங்குகிறவர்கள் எதையும் ஒட்ட வேண்டாம், பெயின்ட் அடிக்க வேண்டாம். பெட்டியைப் பிரித்து, பேட்டரியை சார்ஜ் போட்டு, தண்ணீரில் விட வேண்டியதுதான். நிஜக் கப்பலில் முப்பத்திரண்டில் ஒரு பங்கு அளவு. எந்த நிஜக் கப்பல் என்பது மூடியைத் திறந்ததும் உனக்குத் தெரிந்துவிடும். உன்னுடையதுதான்.

வரைந்தது நான். அச்சு எடுத்தது, மோட்டார் தேர்ந்தெடுத்தது, எடை வைத்துச் சரிபார்த்தது எல்லாம் நான். எங்கள் கம்பெனியில் எனக்கென்று கொடுத்த முதல் கப்பல் இது. கண்ணை மூடிக்கொண்டு வரையக்கூடிய கப்பல் ஒன்றுதான் எனக்குத் தெரியும், அதையே வரைந்தேன். பீற்றிக்கொள்கிறேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள். பீற்றிக்கொள்ளத்தான் செய்கிறேன்.

நிஜக் கப்பலின் கேப்டனையே விமர்சனம் எழுதச் சொல்லலாம் என்பது ஆசிரியரின் யோசனை. துறைமுகத்தில் விசாரித்து உன்னைப் பிடித்திருக்கிறார். நான் உன் பேச்சையே எடுக்கவில்லை. நீ யாரென்று அவருக்கும் தெரியாது, எங்கள் முதலாளிக்கும் தெரியாது. அது அப்படியே இருக்கட்டும். விமர்சனம் நன்றாக வந்தால் அடுத்த கப்பலும் என் மேஜைக்கு வரும். இல்லையென்றால் நான் மறுபடியும் பேக்கிங் பிரிவில் அட்டைப்பெட்டி மடிக்க வேண்டியதுதான்.

உன்னிடம் கேட்பது ஒன்றே ஒன்று. நான் உன் தம்பி என்று எங்கேயும் சொல்லாதே.

தம்பி

*

பிப்ரவரி 14

திருகாணிக்கு,

கடிகாரம் முதல் தையல் மெஷின் வரை வீட்டில் ஒன்று விடாமல் கழற்றிப் போட்டவனுக்கு வைத்த பெயர், இன்னும் அப்படியேதான் இருக்கிறது.

கடிதத்தில் குறுக்கே பேச முடியாது என்று யார் சொன்னது? உன் கடிதத்தின் ஓரமெல்லாம் பேனாவால் பதில் சொல்லித் தீர்த்துவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

பெட்டி வந்தது. கப்பலில் நாங்கள் சாப்பிடும் மேஜையைத் துடைத்துவிட்டு அதன் மேல் வைத்துப் பிரித்தோம். நான், மெஷின்காரர், கயிறு பார்க்கிற நெட்டை. உறையை எடுத்ததும் மூன்று பேரும் மேஜையைச் சுற்றி நெருங்கினோம். மெஷின்காரர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு குனிந்தார்.

"கேப்டன், இடது பக்கக் கைப்பிடிக் கம்பி வளைஞ்சிருக்கு பாருங்க. அன்னைக்கு அந்தச் சரக்குக் கப்பல் உரசினது!"

"பெட்டியில அடிபட்டிருக்கும்ணே," என்றான் நெட்டை.

"போடா. பெட்டியில அடிபட்டா இப்படி வெளிப்பக்கமாவா வளையும்? இது நம்ம கம்பிதான்."

அப்புறம் ஆளாளுக்குத் தேட ஆரம்பித்துவிட்டார்கள். புகைக்குழாயில் பெயின்ட் உரிந்த இடம். வலது பக்கம் இடி தாங்கத் தொங்கும் டயர்களில் மூன்றாவது மட்டும் சின்னதாக இருப்பது. கண்ணாடி வழியாக உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தால், என் நாற்காலியில் மடித்துப் போட்ட போர்வை! எனக்கு உயரம் பத்தாமல் நான் போட்டு உட்காரும் போர்வையை ஊர் உலகத்துக்கெல்லாம் படம் போட்டுக் காட்டியிருக்கிறாய். மெஷின்காரர் சிரித்த சிரிப்பில் அவருக்குப் புரையேறிவிட்டது. நீ மட்டும் கையில் கிடைத்திருந்தால் காதைத் திருகியிருப்பேன்.

தண்ணீர்த் தொட்டியில் ஓட விட்டோம். கடையில் கிடைக்கும் மற்றப் படகுகள் மிரண்ட தவளை மாதிரி பாயும். இது பாயவில்லை. கனமாக, நிதானமாக, தன் வேலை தனக்குத் தெரியும் என்பதுபோல் நகர்ந்தது. அந்த நிதானத்துக்காக நீ முதலாளியிடம் எவ்வளவு மல்லுக்கட்டியிருப்பாய் என்று என்னால் நினைத்துப் பார்க்க முடிகிறது. என் கண் கலங்கியது. தண்ணீர் தெறித்ததாக நெட்டையிடம் சொன்னேன்.

இப்போது திட்டு. இழுவைக் கொக்கியைக் கொண்டுபோய் ஏன் பின்கோடியில் மாட்டியிருக்கிறாய்? நம் கப்பலில் கொக்கி எங்கே இருக்கிறது? என் அறைக்குப் பின்னால், கிட்டத்தட்ட நடுவில். வளைந்த கம்பி ஞாபகம் இருக்கிறது, என் போர்வை ஞாபகம் இருக்கிறது, கொக்கி மறந்துபோயிற்றா?

கடைசியாக ஒன்று. நான் எழுதினால் முதல் வரியே "இதைச் செய்தவன் என் தம்பி" என்றுதான் இருக்கும். அதை எழுதாமல் மற்றதை எழுத என் கை வராது.

அக்கா

*

பிப்ரவரி 22

அக்கா,

கொக்கி மறக்கவில்லை. அந்தக் கொக்கியில் கயிறு மாட்டி மாட்டி என் உள்ளங்கை காய்த்துப்போனது. மறக்குமா?

கொக்கி இருக்க வேண்டிய இடத்துக்கு நேர் கீழேதான் பேட்டரி. வாங்குகிறவர் ஒரு மூடியைத் தூக்கி பேட்டரியை மாற்ற வேண்டும், ஸ்க்ரூ டிரைவர் தேடக் கூடாது. உடனே ஓட வேண்டும் என்றுதானே காசு கொடுக்கிறார். கொக்கியை நடுவில் வைத்தால் மூடி திறக்காது. அதனால் பின்னால் தள்ளினேன். பார்வைக்கு அழகாகவும் இருக்கிறது. குளத்தில் விட்டு விளையாடுகிறவர்களில் யார் எதை இழுக்கப் போகிறார்கள்? நீ எல்லாவற்றையும் துறைமுகமாகவே பார்க்கிறாய்.

மற்ற விஷயத்துக்கு வருகிறேன். உன் கப்பலில் நான் இரண்டு வருஷம் வேலை பார்த்தேன். அங்கே என் பெயர் யாருக்காவது தெரியுமா? "கேப்டன் தம்பி." கயிற்றை ஒரே வீச்சில் போட்டால், "கேப்டன் தம்பியாச்சே, கேக்கணுமா." கயிறு நழுவினால், "இவன்லாம் கேப்டன் தம்பியாம்." சம்பளம் கொடுக்கிறவர்கூடப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. நல்லதும் உன்னால், கெட்டதும் உன்னால். இங்கே வந்த புதிதில் நான் ஒரு அச்சைக் கெடுத்துவிட்டேன். முதலாளி என் பெயரைச் சொல்லி, தெருவுக்கே கேட்கும்படி திட்டினார். எனக்கு அவ்வளவு சந்தோஷம். என் தப்பு, என் பெயர், என் திட்டு.

இப்போது நீ "என் தம்பி" என்று முதல் வரியில் எழுதினால் என்ன ஆகும்? கப்பல் நன்றாக இருக்கிறது என்று நீ எழுதுவது அத்தனையும் பாசம் என்று ஆகிவிடும். நான் மறுபடியும் கேப்டன் தம்பி ஆகிவிடுவேன். இந்தக் கப்பல் தன் காலில் நிற்கட்டும் அக்கா. கொக்கி பற்றி எழுதுவதென்றால் எழுதிக்கொள், தாங்கிக்கொள்கிறேன். அந்த ஒரு வரி மட்டும் வேண்டாம்.

தம்பி

*

மார்ச் 2

திருகாணிக்கு,

இழுவைக் கப்பலை வாங்கிவிட்டு யார் எதை இழுக்கப் போகிறார்கள் என்று கேட்ட ஒரே ஆள் நீதான். இதை மெஷின்காரரிடம் படித்துக் காட்டினேன். அவர் தலையில் அடித்துக்கொண்டார்.

நேற்று எனக்கு வார விடுமுறை. கப்பலைத் தூக்கிக்கொண்டு பூங்காக் குளத்துக்குப் போனோம். துடுப்புப் படகுகளை வாடகைக்கு விடுகிறவரிடம் ஒரு காலிப் படகைக் கேட்டு வாங்கி, உன் கொக்கியில் நூல்கயிறு கட்டி மாட்டினோம். அந்த மனுஷர் சிரித்தார். "இந்தப் பொம்மை அதை இழுக்குமாம்மா?" என்றார்.

இழுத்தது. நாலு ஆள் உட்காரும் படகை, தன்னைவிட எத்தனையோ மடங்கு கனமானதை, கொஞ்சம் கொஞ்சமாக அசைத்து, அப்புறம் நேர்கோட்டில் கொண்டுபோயிற்று. குளக்கரையில் நடந்து போனவர்கள் எல்லாம் நின்றுவிட்டார்கள். படகுக்காரர் சிரிப்பை நிறுத்திவிட்டார். அந்த நிமிஷம் எனக்கு இருந்த கர்வத்துக்கு அளவே இல்லை. யாராவது கேட்க மாட்டார்களா, யார் செய்தது என்று கேட்க மாட்டார்களா என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். கேட்டால் சொல்லக் கூடாது என்று நீ வாயைக் கட்டிப்போட்டிருக்கிறாய்.

பிறகு இடது பக்கம் திருப்பினேன். திரும்பவில்லை. ரிமோட்டின் குச்சியை முழுசாகச் சாய்த்துப் பிடித்தேன், மூக்கு அசையவே இல்லை. நேராகப் போய்க் கல்சுவரில் முட்டியது. நிறுத்தினேன், பின்னால் வந்த துடுப்புப் படகு நிற்குமா? அதுவும் வந்து உன் கப்பலின் முதுகில் இடித்தது. போட்டிருந்த பேன்ட்டோடு முழங்கால் தண்ணீரில் இறங்கி எடுத்தேன். பின்பக்கத்தைப் பாரம் பிடித்து வைத்துக்கொண்டிருந்தால் மூக்கு எப்படித் திரும்பும்? கொக்கி நடுவில் இருந்தால்தானே கப்பல் அதைச் சுற்றித் திரும்ப முடியும்?

இது தெரியாதவன் செய்திருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். உனக்குத் தெரியும். தெரிந்தே செய்திருக்கிறாய், அதுதான் எனக்கு ஆத்திரம். இன்னொன்றும் கேட்டுக்கொள். நடுவில் வைத்தால் மட்டும் போதாது. பாரம் பக்கவாட்டில் இழுத்தால் கப்பல் கவிழ்ந்துவிடும். அப்போது கயிறு சட்டென்று விடுபட வேண்டும். அதுவும் உனக்குத் தெரியும்.

ஆசிரியரிடம் விமர்சனம் எழுத முடியாது என்று சொல்லிவிட்டேன். காரணம் கேட்டார். சொல்ல மாட்டேன் என்றேன். உன்னைச் சொல்லி எழுதினால் உனக்கு வலிக்கும். உன்னை மறைத்து எழுதினால் இந்தக் கப்பல் யாரோ செய்தது என்று ஆகிவிடும். யாரோ செய்ததில்லை அது. மறைத்து வைக்க நீ என்ன திருட்டுச் சாமானா?

கப்பலை நன்றாகத் துடைத்துக் காயவைத்து வைத்திருக்கிறேன். மூக்கில் ஒரு சிராய்ப்பு, அது என்னால் வந்தது. திருப்பி அனுப்பவா?

அக்கா

*

மார்ச் 27

அக்கா,

திருப்பி அனுப்பாதே.

உன் கடிதம் வந்த அன்று அதைக் கசக்கிக் குப்பைக்கூடையில் போட்டேன். மறுநாள் எடுத்து நீவி வைத்துக்கொண்டேன். இடையில் நடந்ததைச் சொல்கிறேன்.

நீ எழுத மறுத்தது முதலாளி காதுக்குப் போய்விட்டது. "நிஜக் கேப்டனே கையைக் கழுவிட்டுப் போனா கப்பல் எவ்வளவு மட்டமா இருக்கணும்?" என்று எல்லார் முன்னாலும் கேட்டார். அவள் என் அக்கா, அதனால்தான் ஒதுங்கினாள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் தப்பித்திருப்பேன். வாய் திறக்கவில்லை. வீம்பு நம் வீட்டுச் சொத்து, உனக்கு மட்டும் பாத்தியதை இல்லை.

அன்று சாயங்காலம் கம்பெனியின் சோதனைத் தொட்டியில் தண்ணீர் நிரப்பி, ஒரு மரக்கட்டையைக் கட்டி இழுக்க விட்டேன். திரும்பவில்லை. நீ எழுதியது போலவே, அச்சு அசலாக, நேராகப் போய்ச் சுவரில் முட்டியது. நான் செய்த கப்பல் அது. உள்ளே ஒவ்வொரு ஒயரும் எந்த நிறம் என்று எனக்குத் தெரியும். அது தன் வேலையைச் செய்யத் தெரியாமல் சுவரோடு மோதிக்கொண்டு மோட்டாரை ஓட்டிக்கொண்டு நின்றதைப் பார்க்க எனக்கு அவமானமாக இருந்தது. உன் முன்னால் அவமானம் இல்லை, அதன் முன்னால்.

அப்புறம் பத்து நாள் அதோடே மாரடித்தேன். இப்போது கொக்கி நடுவில் இருக்கிறது. பேட்டரி மூடியின் மேல் குறுக்கே ஒரு இரும்பு வளைவு, அதன் மேல் கொக்கி. வளைவு ஒரு பக்கம் கீல் வைத்தது. ஒரு விரலால் தள்ளினால் கதவு மாதிரி விலகும், மூடி திறக்கும், ஸ்க்ரூ டிரைவர் வேண்டாம். பக்கவாட்டில் இழுத்தால் ரிமோட்டில் ஒரு பொத்தானை அழுத்து, கயிறு விட்டுப்போகும். எங்கள் கம்பெனியில் இதுவரை யாரும் செய்ததில்லை. இதை நீ சொன்னதால் செய்தேன் என்று நினைக்காதே. சரி, நினைத்துக்கொள்.

அதை எடுத்துக்கொண்டு முதலாளி அறைக்குப் போனேன். ஆசிரியரும் அங்கே உட்கார்ந்திருந்தார். "சார், அந்தக் கேப்டன் என் அக்கா," என்றேன்.

முதலாளி என்னை மேலும் கீழும் பார்த்தார். "சொந்த அக்காவே எழுத மாட்டேன்னுட்டாங்களா? அவ்வளவு மோசமாவா செஞ்சு வெச்சிருக்க?"

"இல்ல சார். என்னை மறைச்சு எழுத மாட்டேன்னு சொல்லிட்டாங்க. நான்தான் மறைக்கச் சொன்னேன். இப்ப நானே சொல்றேன், அவங்களையே எழுதச் சொல்லுங்க. இந்த ஊர்ல யார் எழுதினாலும் நாலு குறை கண்டுபிடிப்பாங்க. எங்க அக்கா நாப்பது கண்டுபிடிப்பாங்க."

ஆசிரியருக்கு ஒரே குஷி. உறவு முறையை மேலேயே அச்சிட்டுவிடுவாராம், நீ என்ன எழுதினாலும் ஒரு எழுத்தைக்கூடத் தொட மாட்டாராம். முதலாளியின் கணக்கு வேறு. முந்நூறு கப்பல் பழைய கொக்கியோடு பெட்டிக்குள் போய், பெட்டியும் ஒட்டியாகிவிட்டது. கொக்கி சரி என்று நீ எழுதினால் முந்நூறையும் பிரித்து மாற்றுவார். இல்லையென்றால் பழைய கொக்கியோடு தள்ளுபடியில் தள்ளிவிட்டு, என்னைப் பேக்கிங்குக்கு அனுப்புவார். சொல்லிவிட்டார், அவர் சொன்னால் செய்வார்.

புதுக் கொக்கி வைத்த கப்பல் இதோடு வருகிறது. பாசத்தைக் கரையிலேயே வைத்துவிட்டுச் சோதனை செய். திரும்பவில்லை என்றால் திரும்பவில்லை என்றே எழுது.

தம்பி

*

ஏப்ரல் 19

திருகாணிக்கு,

இன்று காலை விமர்சனத்தை ஆசிரியருக்கு அனுப்பிவிட்டேன். அச்சில் வரும்வரை உனக்குப் பொறுக்காது, எனக்கும் பொறுக்கவில்லை. அதனால் முக்கியமானதை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

குறை முதலில். நங்கூரம் இரண்டு சுற்று பெரிசு. ஹாரன் சத்தம் கப்பலுடையதா கொசுவுடையதா என்று தெரியவில்லை. ரிமோட்டில் திருப்புகிற குச்சியும் கயிறு விடுகிற பொத்தானும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. நெட்டை திருப்பப் போய் இரண்டு முறை கயிற்றை விட்டுவிட்டான். அடிப்பாகத்தில் ஒட்டிய இடம் ஒன்று கரடுமுரடாக இருக்கிறது. இப்படி ஒன்றரைப் பக்கம் போகிறது. படித்துவிட்டு மெஷின்காரர், "கேப்டன், பகையாளிகூட இவ்வளவு எழுத மாட்டான்," என்றார். நாற்பது தேறவில்லை, பதினேழோடு நின்றுவிட்டது.

கொக்கியைப் பற்றி எழுதியதை அப்படியே தருகிறேன்:

"இழுவைக் கப்பலின் அழகு அது போகிற வேகத்தில் இல்லை, பாரத்தோடு திரும்புவதில் இருக்கிறது. முதலில் வந்த கப்பல் திரும்பவில்லை. இப்போது வந்தது திரும்புகிறது. பேட்டரி மூடிக்கு மேலே வளைவு வைத்து, அதையும் விலகும்படி செய்திருப்பது கெட்டிக்காரத்தனம். நானும் இருபது வருஷமாக நிஜக் கப்பல் ஓட்டுகிறேன், எனக்கு இது தோன்றியிருக்காது. பழைய கொக்கியோடு ஒரு கப்பல்கூட வெளியே போகக் கூடாது. போனால் அது செய்தவருக்கு இழுக்கு, அந்த நிஜக் கப்பலை ஓட்டுகிற எனக்கும் இழுக்கு."

முதலாளிக்கு இது போதுமா? போதாவிட்டால் என்னை நேரில் வந்து பார்க்கச் சொல். பேசிக்கொள்கிறேன்.

இனி சோதனை நடந்த கதை. அதை விமர்சனத்தில் எழுதவில்லை, உனக்கு மட்டும். இந்த முறை குளத்துக்குப் போகவில்லை. துறைமுகத்திலேயே, படகுகளைக் கட்டிப்போடும் அமைதியான மூலையில், நம் கப்பலுக்குப் பக்கத்திலேயே இறக்கினேன். பெயின்ட் வேலைக்குப் பயன்படுத்தும் தட்டைப் படகை மாட்டினோம். கரையில் கூட்டம். கிரேன் ஓட்டுகிறவர், எடை போடுகிறவர், பக்கத்து இழுவைக் கப்பல் ஆட்கள், எல்லாரும் டீ கிளாஸோடு வந்துவிட்டார்கள். நேராக இழுத்தது. இடது பக்கம் திருப்பினேன். கொஞ்சம் யோசித்துவிட்டு மூக்கைத் திருப்பியது. அப்புறம் முதுகைச் சாய்த்துக்கொண்டு, நம் கப்பல் எப்படிச் சாயுமோ அதே மாதிரி சாய்ந்து, தட்டைப் படகைத் தன்னோடு வளைத்துக் கொண்டுவந்து நான் சொன்ன இடத்தில் நிறுத்தியது. நெட்டை விசில் அடித்தான். எனக்குக் கைதட்டத் தோன்றவில்லை. ரிமோட்டை அவன் கையில் கொடுத்துவிட்டு, நம் கப்பலில் ஏறி மேலே போனேன்.

புது இழுவைக் கப்பல் ஒன்று இங்கே வந்து முதல் இழுப்பைச் சரியாக முடித்தால், இருக்கிறதிலேயே மூத்த கப்பல் இரண்டு முறை நீளமாக ஹாரன் அடிக்கும். எல்லாருக்கும் தெரிந்த வழக்கம்தான். மூத்த கப்பல் நம்முடையது. அடித்தேன்.

துறைமுகமே திரும்பிப் பார்த்தது. உடனே கண்ட்ரோல் டவரிலிருந்து ரேடியோவில் கூப்பிட்டார்கள். உள்ளே வரக் காத்திருந்த சரக்குக் கப்பல்கள், அவற்றுக்கு வழிகாட்டிக் கொண்டுவரும் பைலட்டுகள், எல்லா இழுவைக் கப்பல்களும் கேட்கிற சேனல்.

"கேப்டன், எந்தக் கப்பலுக்கு ஹாரன் அடிச்சீங்க? புதுசா எதுவும் வந்ததா எங்ககிட்ட இல்லையே?"

"புது இழுவைக் கப்பல். இப்பதான் முதல் இழுப்பு முடிச்சுது."

"நீளம்?"

"முக்கால் மீட்டர்."

விளையாட்டுக்கெல்லாம் ஹாரன் அடிக்கக் கூடாது என்று டவர்காரர் திட்டப்போகிறார் என்றுதான் நினைத்தேன். திட்டினால் வாங்கிக்கொள்ளலாம் என்று மைக்கைப் பிடித்தபடியே நின்றேன்.

"கட்டினது யாரு கேப்டன்?"

"என் தம்பி."

"ஓ, நம்ம கேப்டன் தம்பியா!"

"அவனுக்குப் பேர் இருக்கு," என்றேன்.

"சொல்லுங்க. எழுதிக்கிறேன்."

உன் பெயரைச் சொன்னேன். அப்பா பெயரோடு சேர்த்து, முழுசாக. சரியாகக் கேட்கவில்லை என்றார். அந்தச் சேனலில் எல்லாரும் கேட்டுக்கொண்டிருக்க, ஒவ்வொரு எழுத்தாக நிறுத்தி நிறுத்தி, இன்னொரு தடவை சொன்னேன்.

அக்கா